லாரியிலிருந்து இறங்கியவள்

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்துக்கு யாராவது ஒருவர் அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். “கடல் பைத்தியம் கதை தெரியுமா உனக்கு?” என்று புது மருமகனையோ மருமகளையோ பிடித்து வைத்துக்கொண்டு, என் அத்தை மெட்ராஸில் லாரியை நிறுத்திய கதையைச் சொல்வார்கள். தூக்குச்சட்டியால் டிரைவர் தலைக்கு மேலே அடித்ததை நடித்துக் காட்டுவார்கள். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிறவர்களில் பாதிப்பேர் அந்த லாரியில் இருந்தவர்கள், மீதிப்பேர் அவர்கள் பெற்ற பிள்ளைகள். லாரி கிளம்பிப் போன பிறகு என்ன ஆயிற்று என்று ஒருவராவது சொல்வதில்லை. அதை நான் சொல்கிறேன்.

அத்தை என் நைனாவுக்கு அக்கா. பாலசமுத்திரத்திலேயே எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவளைக் கொடுத்திருந்தது. பிள்ளை இல்லை. கறுத்து, ஒல்லியாக, உயரமாக இருப்பாள். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவளிடம் ஊரே பயந்த விஷயம் ஒன்றுதான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை வாங்காமல் விடமாட்டாள்.

பள்ளிப்பட்டு டெய்லர் பொங்கலுக்குள் ரவிக்கை தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, போகியன்று “நாளைக்கு வாங்கம்மா” என்றான். அத்தை திரும்பி வரவில்லை. அவன் கடை வாசலில் காஜா எடுக்கும் பையன் உட்காரும் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். “நீ தெச்சிக்கினே இரு, நான் பாத்துக்கினே இருக்கறேன்” என்றாள். வருகிறவர்களிடமெல்லாம், கேட்காமலேயே, “பொங்கலுக்குள்ளன்னு சொன்னாரு, அதான்” என்று விளக்கம் வேறு. மத்தியானத்துக்குள் ரவிக்கை கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் துணியோடு வருவதைப் பார்த்தாலே அந்த டெய்லர், “ஒரு மாசம் ஆகும், ஆனாலும் ஆகும்” என்று முன்கூட்டியே கும்பிடு போடுவான்.

யாராயிருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: “சொன்னியா இல்லியா?” பெரிய மனிதர்களுக்கெல்லாம் மரியாதையாக ‘ங்க’ போட்டுப் பேசுகிறவள், வார்த்தை தவறின ஆளுக்கு மட்டும் அதைப் போடமாட்டாள். மணியக்காரரே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தன் வார்த்தையிலும் அப்படித்தான். குழந்தைக்குச் சோறூட்டும்போது எந்தத் தாயாவது “ஒரு வாய் துன்னு, நெலாவப் புடிச்சித் தரேன்” என்று சொல்லிவிட்டால் சண்டைக்கே போவாள். “தருவியா? உன்னால ஆவுமா? ஆவாதத எதுக்குச் சொல்ற? அது நம்பிக்கினு வாயத் தொறக்குது பாரு” என்பாள். எனக்கு அவள் ஊட்டிய காலத்தில் “ஒரு வாய் துன்னா இன்னொரு வாய் தருவேன்” என்றுதான் சொல்வாளாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை தன்னால் ஆகாததைச் சொன்னாள். எனக்கு எட்டு வயதில் விஷக்காய்ச்சல் கண்டது. கண் திறக்காமல் கிடந்தேன். சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா, வழியிலேயே ஏதாவது ஆகிவிடுமா என்று ஆண்கள் வெளியே பேசிக்கொண்டிருந்தபோது, அத்தை என் காதருகே குனிந்து, “எழுந்துக்கடி என் கண்ணே, உனக்குக் கடல் காட்டறேன்” என்று சொல்லியிருக்கிறாள். ஏன் கடலைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வருஷாவருஷம் ஆடிப் பெருக்கில் ஆற்றுக்கு மஞ்சள் குங்குமம் கொடுப்போம். ‘இதெல்லாம் எங்க போவுது அத்த?’ என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேனாம், அது மனதில் இருந்திருக்கலாம். நான் பிழைத்து எழுந்தேன். எல்லோரும் திருப்பதிக்கு முடி கொடுத்து முடித்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். அத்தைக்குத்தான் நிம்மதி போயிற்று. கடலைப் பார்த்த ஒரு ஆள்கூட எங்கள் குடும்பத்தில் கிடையாது. மாமாவிடம் கேட்டாள். “மெட்ராஸா? உனக்கின்னா புத்தி கெட்டுப் போச்சா?” என்று அவர் பேச்சை முடித்துவிட்டார். அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பார்வையைத் தழைத்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

அப்போது ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லை எது என்று முடிவாகாமல் இழுபட்டுக்கொண்டிருந்த வருஷங்கள். நாங்கள் எந்தப் பக்கம் என்பதைப் பற்றி எங்களைத் தவிர எல்லோரும் பேசினார்கள். எங்கள் ஊரில், மெட்ராஸோடுதான் சேரவேண்டும் என்று பேசியவர் அரிசி மில்காரர். நல்ல சிவப்பு, கணீரென்ற குரல், துவைத்து மடித்த துண்டு. அவருக்குச் சொந்தமாக லாரி இருந்தது. ஒருநாள் ஆலமரத்தடியில் நின்று, “மெட்ராஸ் பாக்கறதுக்கு லாரி வுடறேன். குடும்பத்தோட வாங்க. உயிர் காலேஜு, செத்த காலேஜு, கடலு, எல்லாம் காட்டிக் கூட்டியாறேன்” என்றார். மிருகக்காட்சிசாலையும் மியூசியமும்தான் அவை. அங்கே போய் வந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அத்தை நேராக அவர் முன்னால் போய் நின்றாள். “கடலு காட்டுவீங்களா?”

“காட்டறேம்மா.”

“அன்னிக்கேவா?”

“அன்னிக்கே காட்டறேன், போம்மா.”

அவ்வளவுதான். மாமா, நைனா, அம்மா எல்லோரையும் கிளப்பிவிட்டாள். பெண்கள் கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டினார்கள். புளிச்சோறும் தயிர்சோறும் கட்டினார்கள். அத்தை ஒரு மஞ்சள் கிழங்கு, குங்குமப் பொட்டலம், இரண்டு கண்ணாடி வளையல் எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். “அவ்ளோ பெரிய தண்ணி, வெறுங்கையோட போயி நிக்கலாமா?” என்றாள்.

திருத்தணி தாண்டித்தான் லாரியில் இருந்த கோணிகளைப் பிரித்தார்கள். உள்ளே கொடிகள். ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார்கள். மெட்ராஸில் இறங்கியதும் வரிசையில் நிற்கவைத்து நடக்கச் சொன்னார்கள். உச்சி வெயிலில், தார் ரோட்டில், பட்டுச்சேலையும் சோற்று மூட்டையுமாக, யாரோ கத்தியதைத் திருப்பிக் கத்திக்கொண்டு நடந்தோம். ஓரத்தில் நின்று பார்த்த பட்டணத்து ஆட்கள் எங்களைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். யானையைப் பார்க்க வந்த நாங்கள் அவர்களுக்கு வேடிக்கையானோம். எல்லைக்காக உயிரைக் கொடுக்கத் துடிக்கும் தாய்மார்கள் என்று ஒலிபெருக்கியில் எங்களைப் பற்றிச் சொன்னார்கள். என் அம்மா அப்போது, குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று துடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மைதானத்தில் கூட்டம். மில்காரர் மேடை ஏறினார். “எங்க ஊர் மண்ணுல ஒரு புடிகூட வுடமாட்டோம்! என் ஜனங்கள வுட்டுட்டு நான் ஓரடி நகரமாட்டேன்! எந்தப் பக்கம் போனாலும் சாவற வரிக்கும் அவங்களோடதான் இருப்பேன்!” என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருக்க, அத்தை மட்டும் தட்டாமல் கவனமாகக் கேட்டாள். மாமா பக்கம் திரும்பி, “சொல்றாரு, கேட்டுக்கங்க” என்றாள்.

கூட்டம் முடிந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. “ஏறுங்க, ஏறுங்க, இருட்டறதுக்குள்ள திருவள்ளூர் தாண்டணும்” என்று விரட்டினார்கள். உயிர் காலேஜும் இல்லை, செத்த காலேஜும் இல்லை. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். அத்தை ஏறவில்லை.

“கடலு?” என்றாள்.

“அடுத்த தபா பாக்கலாம்மா” என்றார் மில்காரர்.

“அடுத்த தபான்னா சொன்ன? அன்னிக்கேன்னு சொன்னியா இல்லியா?”

அந்த ‘சொன்ன’வில் மில்காரர் முகம் இருண்டது. சுற்றி வெளியூர்த் தலைவர்கள் நின்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, “சரி ஏறு, காட்டறேன்” என்று சொல்லி, டிரைவரைக் கடற்கரை ரோட்டு வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார். லாரி போயிற்று. நிற்கவில்லை. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மில்காரர் கையை வெளியே நீட்டி, “அதோ பாருங்க, கடலு! பாத்துக்கங்க!” என்று கத்தினார். நாங்கள் எக்கிப் பார்த்தோம். மணல், மணல், படகுகள், அதற்கும் அப்பால் நீலமாக ஒரு கோடு. என் உயரத்துக்கு லாரியின் பலகைதான் தெரிந்தது.

“தெரிஞ்சிதா?” என்று அத்தை என்னைக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

அப்போதுதான் தூக்குச்சட்டியை எடுத்து டிரைவர் தலைக்கு மேலே தகரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தாள். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து டிரைவர் லாரியை நிறுத்தினான். அத்தை சக்கரத்தில் கால் வைத்துக் குதித்தாள். கீழே நின்று கையை நீட்டினாள்.

“ஏறுடி, மானம் போவுது!” என்றார் மாமா.

“நீங்களும் எறங்குங்க. பாத்துட்டு வந்துடலாம்” என்றாள்.

மாமா இறங்கவில்லை. நைனாவைப் பார்த்தாள். கூடப் பிறந்த தம்பி. அவர் குனிந்து சோற்றுமூட்டையை அவிழ்த்துக் கட்டினார். அம்மாதான் என்னைத் தூக்கிப் பலகைக்கு வெளியே இறக்கி, அத்தை கையில் கொடுத்தாள். அந்த லாரியில் அன்று ஒரு வேலையைச் சரியாகச் செய்தது அவள் மட்டும்தான்.

மணலில் ஓடினோம். தண்ணீர் பாதத்தைத் தொட்டதும் நான் கத்திவிட்டேன். அத்தை முழங்கால் வரைக்கும் இறங்கி முந்தானையை அவிழ்த்து, மஞ்சளையும் குங்குமத்தையும் வளையலையும் போட்டாள். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுக்கொண்டு உடனே துப்பினாள். “ஐய, நெஜமாவே உப்புடி!” என்று சிரித்தாள். அவள் அப்படிப் பல் தெரியச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. என் தோளைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பி, “நல்லாப் பாத்துக்க. சொன்னேன் இல்ல? காட்டிட்டேன்” என்றாள். காய்ச்சலில் கிடந்த குழந்தைக்குச் சொன்னதை அன்றுதான் இறக்கிவைத்தாள்.

லாரி இரண்டு மூன்று தடவை ஹாரன் அடித்தது எங்களுக்குக் கேட்டது. திரும்பி நடந்து ரோட்டுக்கு வந்தபோது லாரி இல்லை.

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. பட்டணத்தைக் கண்ணால் கண்டிராத ஒரு பெண்ணையும் ஒரு குழந்தையையும் அந்திவேளையில் நடுரோட்டில் விட்டுவிட்டு, கணவன், தம்பி, சொந்தபந்தம் என்று ஒரு லாரி நிறைய ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். அம்மா அழுது கூச்சல் போட்டாளாம். “ஒரு பொம்பளைக்குப் புத்தி வரட்டும், ரயில்ல வருவா” என்று மில்காரர் சொன்னாராம். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு வந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்து நின்றாள். எந்த ஊர் என்று கேட்டாள். “பாலசமுத்திரம்” என்றாள் அத்தை. “அங்க சமுத்திரம் இருக்குதா?” “பேர்லதான் இருக்குது” என்றதும் அவள் சிரித்துவிட்டாள். தன் குடிசைக்கு அழைத்துப்போய் மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். “காலையில ரயில் ஏத்தி வுடறேன்” என்றாள். சொன்னபடி காலையில் சென்ட்ரலுக்கே கூட வந்து ஏற்றிவிட்டாள். சாகிற வரைக்கும் அத்தை அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லும்போது, “சொன்னாங்க, செஞ்சாங்க” என்பாள். அதற்குமேல் புகழ அவளுக்குத் தெரியாது.

ஏகாம்பரகுப்பத்தில் இறங்கி, யாரோ ஒருவருடைய மாட்டுவண்டியில் தொற்றி ஊர் வந்து சேர்ந்தோம். வாசலில் கூட்டம் நின்றது. மாமா கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“ராத்திரி எங்க இருந்த?”

“நீ வுட்டுட்டுப் போன எடத்துல” என்றாள் அத்தை.

மாமா நகர்ந்து வழிவிட்டார். ஆனால் மறுநாள் மில்காரர் பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார். தன்னை நம்பி வந்த பெண்பிள்ளை தன் பெயரைக் கெடுத்துவிட்டாளாம். மன்னிப்புக் கேட்கவேண்டுமாம். நான் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “அன்னிக்கே கடலு காட்டறேன்னு சொன்னியா இல்லியா?” என்று அவள் அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். மில்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார், பஞ்சாயத்து கலைந்தது. நேரில் ஜெயிக்க முடியாதவளைப் பிறகு பைத்தியம் என்று பேர் வைத்து ஜெயித்தார்கள்.

தமிழ்ப் பக்கத்துக்காரர்கள் கடலைக் காட்டினார்கள் என்றால், தெலுங்குப் பக்கத்துக்காரர்கள் மலையைக் காட்டினார்கள். சித்தூரிலிருந்து ஒரு தெலுங்குத் தலைவர் லாரியோடு வந்தார். திருமலையில் இலவச தரிசனம் என்றார். அத்தை தன் அரைகுறைத் தெலுங்கில், “கொண்ட மீதனா, கொண்ட கிந்தனா?” என்று கேட்டாள். மலைமேலா, மலையடியிலா? அவர் சிரித்து மழுப்பினார். அவள் ஏறவில்லை. ஏறிப் போனவர்கள் திருப்பதியில் வேறொரு கூட்டத்தில் வேறொரு கொடியைப் பிடித்துவிட்டு, அடிவாரத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். வந்ததும் அத்தையிடம்தான் புலம்பினார்கள். அப்போது மட்டும் அவள் பைத்தியம் இல்லை.

சில வருஷங்கள் கழித்து எல்லை முடிவாயிற்று. திருத்தணியும் பள்ளிப்பட்டும் மெட்ராஸ் பக்கம். நாங்கள் ஆந்திராப் பக்கம். பக்கத்துப் பக்கத்து நிலம், நடுவில் ராஜ்யம் மாறிவிட்டது. ஒருபிடி மண்ணை விடமாட்டேன் என்றவர் ஒரே வாரத்தில் மில் இயந்திரத்தைக் கழற்றி, அதே லாரியில் ஏற்றிக்கொண்டு திருத்தணியில் குடியேறிவிட்டார். ஊரில் ஒருவர்கூட, ஏன் போகிறீர் என்று கேட்கவில்லை. சாமான் ஏற்றக் கைகொடுத்தார்கள்.

அத்தை கேட்கப் போனாள். துணைக்கு நான். திருத்தணியில் புதுவீட்டு முன்னறையில் மில்காரர் பிரம்பு நாற்காலியில் இருந்தார். என்னையும் அவளையும் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, கடலத்தான் பாத்துட்டியே, இன்னும் இன்னா காட்டணும்?” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“சாவற வரிக்கும் ஜனங்களோடதான்னு சொன்னியா இல்லியா?”

“அது மேடைப் பேச்சும்மா. அதெல்லாம் யாராவது மனசுல வெச்சிக்கினு இருப்பாங்களா?”

“லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும், இது மேடைப் பேச்சுன்னு” என்றாள். வந்த காப்பியை அவள் தொடவில்லை. என்னையும் தொடவிடவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவர் எழுந்து உள்ளே போனவர் திரும்பவில்லை. பின்வாசல் வழியாகப் போய்விட்டதாக வேலைக்காரி வந்து சொன்னாள். “சரி, வா” என்று அத்தை எழுந்தாள்.

பிறகு எனக்கு மெட்ராஸிலேயே கல்யாணம் ஆயிற்று. கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. அத்தை வந்து என்னோடு பத்து நாள் இருக்கவேண்டும், தினமும் அவள் காலை நனைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வருவதற்குள் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஒருபக்கம் விழுந்துவிட்டது. பார்த்துக்கொள்ளப் பிள்ளை இல்லாததால், திருச்சானூரில் என் தம்பி வீட்டு மாடி அறையில் இருவரும் தங்கினார்கள். மாமாவுக்கு வாய் குழறியது. ஆனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன வுட்டுட்டு எங்கியும் போவாத” என்று சொன்னாராம். “போவமாட்டேன்” என்று இவளும் சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டாள் அல்லவா, அதோடு தீர்ந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்த தாயார் கோயிலுக்குக்கூட அவள் போகவில்லை. என் குழந்தைக்குப் பேர் வைத்தபோது வரவில்லை. வருஷங்கள் ஓடின. ஒருமுறை நானே போய்ச் சண்டை பிடித்தேன். தம்பி பார்த்துக்கொள்கிறான், பத்தே நாள், என்னோடு வா என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாமா காது கேட்கப் படுத்திருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன்.

“இவரு அன்னிக்கி உன்ன நடுரோட்டுல வுட்டுட்டு லாரியில போனாரே அத்த! இவருக்குப் போயி நீ வாக்குக் குடுக்கறியா?”

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அத்தை கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அவரு வுட்டுட்டுப் போனாரு, இல்லேன்னு சொல்லல. நானும் வுட்டுட்டுப் போயிட்டா, அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் ஒருத்தரக் கேப்பேன், சொன்னியா இல்லியான்னு?”

சொல்லிவிட்டு, அவர் வாயோரம் வழிந்த கஞ்சியை முந்தானையால் துடைத்தாள்.